குறைந்து வந்த சரக்குக்கு யார் பொறுப்பு?



சென்ற மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்து விளக்கேற்றிய சிறிது நேரத்தில், புதூர்நாட்டிலிருந்து எங்களுக்குப் போன் வந்தது. பேசியவர் எங்களிடம் இருபது வருடத்துக்கு மேலாக அரிசி, பருப்பு, எண்ணெய் கொள்முதல் செய்யும் மளிகைக் கடைக்காரர். கணவனும் மனைவியுமாக நடத்தும் கடை, வேலையாள் கிடையாது. "அண்ணா, பெட்டியைப் பிரிச்சேன். தராசு இருக்கு. சார்ஜர் இல்ல. முத்திரைச் சர்டிபிகேட்டும் இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

விஷயம் இதுதான். பழைய தராசு பழுதாகிவிட்டதால், தை கடைசியில் அவர் தம் மகனின் செல்போன் மூலம், தராசு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆன்லைன் பக்கத்தில் நூறு கிலோ எலக்ட்ரானிக் தராசு ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினார். கம்பெனி அந்த ஆர்டரைச் சமவெளியில் உள்ள தன் டீலர் ஒருவருக்குத் தள்ளிவிட்டது. டீலர் லாரி பார்சலில் போட்டார். மலைக்கு லாரி ஆபீஸ் கிடையாது. கூரியர்காரர்களில் பலரும் மலை ஏறுவதில்லை. ஆகவே புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று நாட்டுக் கடைக்காரர்களும் ஆன்லைனில் எது வாங்கினாலும் திருப்பத்தூரில் உள்ள எங்களைப் போன்ற மொத்தக் கடைகளின் முகவரியைத்தான் கொடுக்கிறார்கள். அப்படி வந்த பெட்டியை எங்கள் கடைப் பையன் செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டு வாங்கி, அரிசி மூட்டைகளின் ஓரமாக வைத்தான். வியாழனன்று அரிசி லோடுடன் அது மலை ஏறியது. வெள்ளியன்று அவர் பிரித்தார்.

மாசி, பங்குனி என்றால் ஜவ்வாது மலையில் புளி இறங்கும் காலம். உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்துக் கொண்டு வருகிறவர்கள் வீட்டுக்கு இருபது கிலோ, முப்பது கிலோ என்று கடைக்குக் கொண்டு வருவார்கள். கடையில் எடை போட்டு, பழைய பாக்கியைக் கழித்து, மிச்சத்துக்கு அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போவார்கள். சாமை அறுப்புக்குப் பிறகு மலைக்கடைக்காரருக்குப் பணம் புரளுவது இந்த ஒரு பருவத்தில்தான். தராசு இல்லாத கடைக்காரரிடம் யார் புளியைக் கொண்டு போடுவார்கள்? சார்ஜர் என்பது கைக்கு அடக்கமான சாமான். ஆனால் அது இல்லாமல் தராசில் இருந்த சார்ஜ் இரண்டு நாளைக்குத்தான் தாங்கியது. சார்ஜர் எங்கேயாவது வாங்கிக் கொள்ளலாம் என்றாலும், முத்திரைச் சான்று இல்லாத தராசில் எடை போட்டால் சட்டப்படி குற்றம். எலக்ட்ரானிக் தராசுக்கு பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை முத்திரை போட்டாக வேண்டும். அந்தச் சான்றைக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கவும் வேண்டும். நம் மாநிலத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை என்பது வணிகர்களுக்குத் தெரியாததல்ல.

பின்பு நடந்ததைச் சொன்னால், படிக்கிறவர்களில் பாதிப்பேர் "எங்களுக்கும் இப்படித்தான்" என்பீர்கள். கம்பெனிக்குப் போன் செய்தார். "டீலர் மூலம் அனுப்பியது, டீலரைக் கேளுங்கள்" என்றார்கள். டீலருக்குப் போன் செய்தார். "கம்பெனி பேக் செய்த பெட்டி, நாங்கள் கை வைக்கவில்லை, லாரி ஆபீஸைக் கேளுங்கள்" என்றார். லாரி ஆபீஸில் கேட்டதற்கு, "ஒரு பெட்டி ஏற்றினோம், ஒரு பெட்டி இறக்கினோம், நல்ல நிலையில் பெற்றுக் கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது" என்றார்கள். கையெழுத்து யாருடையது? எங்கள் கடைப் பையனுடையது. ஆக, மூன்று பேரும் கையை உதறிய பிறகு மிஞ்சியது நாங்கள்தான். இதை எழுத வேண்டும் என்று தோன்றியதும் அதனால்தான்.

உண்மையைச் சொல்வதில் வெட்கம் என்ன? முதல் தவறு எங்கள் கடையில்தான் நடந்தது. பெட்டியின் மேல் கம்பெனி பெயர் அச்சிட்ட டேப் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் சாதாரணப் பழுப்பு டேப் ஒரு சுற்று ஓடியிருந்தது. யாரோ ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தாலே தெரியும். பையனை நாங்கள் கேட்டபோது, "பார்த்தேன் முதலாளி, அவுங்க பெட்டிதானேன்னு விட்டுட்டேன்" என்றான். நம் சரக்காக இருந்தால் விட்டிருப்பானா? நாற்பது வருடத்துக்கும் மேலாக மூட்டையின் தையலைப் பார்த்து வாங்கியவர்கள் நாங்கள். தையல் நூல் நிறம் மாறியிருந்தால் மூட்டையை இறக்க விடமாட்டோம். ஆனால் அடுத்தவர் பெட்டிக்கு மட்டும் கண்ணை மூடிக் கொண்டு கையெழுத்துப் போடுகிறோம்.

குறையைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. எங்கள் ஊரில் தராசு பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஒருவர் இருக்கிறார். அவரிடம் மலையிலிருந்து வந்த தராசின் போட்டோவைக் காட்டினோம். அவர் மற்ற எதையும் பார்க்கவில்லை. ஈய முத்திரை இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முத்திரையில் ஆய்வாளரின் எண், ஆண்டு, காலாண்டைக் குறிக்கும் எழுத்து ஆகியவை இருக்கும். "இது இந்தக் காலாண்டு முத்திரை, எண்ணும் டீலர் இருக்கிற ஊர்ப் பக்கத்து எண். தொழிற்சாலையில் போட்டதல்ல. பெட்டியைப் பிரிக்காமல் முத்திரை எப்படிப் போட்டார்கள் என்று கேளுங்கள்" என்றார். அதைத்தான் டீலரிடம் கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. மாலையில் அவரே போன் செய்து, முத்திரைக்காகத் தராசை வெளியே எடுத்தபோது சார்ஜரும் சான்றும் தம் ஊழியரின் மேஜை அறையிலேயே தங்கிவிட்டன என்றார். திருட்டில்லை, மோசடியில்லை, வெறும் மறதி. பத்தொன்பதாம் நாள் சார்ஜரும் சான்றும் புதூர்நாடு போய்ச் சேர்ந்தன. அதற்குள் புளியில் பெரும்பகுதி வேறு கடைகளுக்கும், கீழிருந்து வேன் கொண்டு வந்த வியாபாரிகளுக்கும் போய்விட்டது. அதற்கு இழப்பீடு யாரும் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

இந்தச் செய்தியை எங்கள் வட்டாரத்து வியாபாரிகள் சிலரிடம் சொன்னபோது ஒருவர் சிரித்தார். "நம்மை விட்டுவிட்டு ஆன்லைனில் போனார் அல்லவா, அனுபவிக்கட்டும்" என்றார். இந்த எண்ணம் நம்மில் பலருக்கும் உள்ளூர இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கே சில சமயம் வருவதுண்டு. ஆனால் இது சரியல்ல. அந்தக் கடைக்காரர் முதலில் ஆன்லைனுக்குப் போகவில்லை. கீழே டவுனில் ஒரு தராசுக் கடைக்கு இரண்டு முறை மலை இறங்கி வந்தார். முதல் முறை சரக்கில்லை என்றார்கள். இரண்டாம் முறை ஆன்லைன் விலையைவிட அறுநூறு ரூபாய் அதிகம் சொன்னார்கள். ஒருமுறை இறங்கி ஏறினால் கடை மூடிய ஒரு நாள் போகிறது, பஸ் செலவு போகிறது. அவர் செல்போனைக் கையில் எடுத்ததில் என்ன குற்றம்?

மொத்த வியாபாரிகளுக்கும் ஆன்லைன் கம்பெனிகளுக்கும் இருக்கும் வழக்கு வேறு. கம்பெனிகள் தம் விநியோகஸ்தருக்கு ஒரு விலை, ஆன்லைன் மொத்த வியாபாரத்துக்கு ஒரு விலை என்று வைப்பதை எதிர்த்து, அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2022 ஜனவரியில் போராட்டத்தில் இறங்கியது. மகாராஷ்டிரத்தில் ஒரு பற்பசை வகையின் விநியோகத்தையே நிறுத்தினார்கள். அது நியாயமான வழக்கு என்பதே நம் அபிப்பிராயம். அந்தச் சண்டையைக் கம்பெனியோடு போடவேண்டுமே தவிர, பெட்டியில் சார்ஜர் இல்லை என்று தவிக்கும் சில்லரைக் கடைக்காரரிடம் காட்டக் கூடாது. மேலும் இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஆன்லைன் என்று பெயர்தானே தவிர, சரக்கை எடுத்துக் கொடுத்தவர் நம்மைப் போன்ற ஒரு டீலர்தான். நாளைக்கு அந்த டீலர் இடத்தில் நீங்களோ நாங்களோ இருப்போம். இப்போதே பல கம்பெனிகள் செல்போனில் ஆர்டரை வாங்கிக் கொண்டு, விநியோகத்தை நம் தலையில் வைக்கின்றன. ஆர்டர் எடுத்தது அவர்கள். திட்டு வாங்குவது நாம்.

தூரத்திலிருந்து பொருள் வரவழைப்பதும், அதில் குறை வருவதும் இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. நம் நாட்டுத் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டு வந்தது 1877இல். பணத்தைத் தபால்காரரிடம் கட்டினால்தான் பார்சலைக் கொடுப்பார். பிரித்துப் பார்த்தால் கடிகாரத்துக்குப் பதில் வேறு ஏதோ இருந்தது என்ற கதைகளை நம் அப்பாக்கள் காலத்திலிருந்தே கேட்டு வருகிறோம். பணக்காரர், ஏழை என்ற பேதமும் இதில் கிடையாது. 2018 டிசம்பரில் இந்தி நடிகை சோனாக்ஷி சின்ஹா ஆன்லைனில் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஹெட்போன் ஆர்டர் செய்ய, பெட்டியில் துருப்பிடித்த இரும்புத் துண்டு வந்தது. அவர் படத்தோடு வெளியிட்டார். நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. நம் புதூர்நாட்டுக் கடைக்காரருக்கு யார் பத்திரிகையில் எழுதுவார்கள்?

நாங்கள் பள்ளி இறுதி வகுப்போடு கடைக்கு வந்தவர்கள். அந்நாளில் ரயிலில் வரும் பார்சலுக்கு ஓப்பன் டெலிவரி என்று ஒரு முறை இருந்தது. பெட்டி நசுங்கியிருந்தாலோ கட்டு அவிழ்ந்திருந்தாலோ சும்மா எடுத்துக் கொண்டு வரமாட்டார்கள். ஸ்டேஷனிலேயே ரயில்வே ஊழியர் முன்னிலையில் பிரித்து எண்ணி, குறைந்ததைச் சான்றாக எழுதி வாங்கிக் கொண்டுதான் வண்டியில் ஏற்றுவார்கள். எங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த கணக்குப்பிள்ளை ஒருவர், அந்தச் சான்று கைக்கு வரும்வரை பிளாட்பாரத்திலேயே சோற்று மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்து விடுவார். ஸ்டேஷன்காரர்கள் அவரைக் கண்டாலே முதலில் அவர் வேலையை முடித்து அனுப்பிவிடுவார்கள். லாரி வந்த பிறகு அந்தப் பழக்கம் தளர்ந்தது. கூரியர் வந்த பிறகு சுத்தமாகப் போய்விட்டது. பையன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தபடியே செல்போனை நீட்டுகிறான். நாம் விரலால் ஒரு கோடு இழுக்கிறோம். அந்தக் கோட்டுக்கு "நல்ல நிலையில், குறைவின்றிப் பெற்றேன்" என்று அர்த்தம் என்பதை நினைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறோம். நாங்கள் வக்கீல் அல்ல. ஆனாலும் நம் தொழிலுக்கு வேண்டிய அளவு இதைத் தெரிந்து கொள்ளாமல் இருக்கக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது பில் யார் பெயரில் என்பது. ஆர்டர் வாங்கியது கம்பெனியாக இருக்கலாம், பணம் கம்பெனி கணக்குக்குப் போயிருக்கலாம். ஆனால் பில்லில் விற்பவர் இடத்தில் எவர் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் கேள்வி. மேற்படி தராசு விஷயத்தில் பில் டீலர் பெயரில் இருந்தது. ஆகவே "டீலரைக் கேளுங்கள்" என்று கம்பெனி சொன்னதில் பாதி நியாயம் உண்டு. "லாரி ஆபீஸைக் கேளுங்கள்" என்று டீலர் சொன்னதில்தான் நியாயமே இல்லை.

1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நம் தொழிலுக்கு அடிப்படை. ஒப்பந்தத்தில் சொன்னதைவிடக் குறைவாகச் சரக்கு வந்தால் வாங்கியவர் முழுவதையும் நிராகரிக்கலாம். அல்லது வந்ததை மட்டும் ஏற்றுக் கொண்டு அதற்கு உண்டான விலையை மட்டும் கொடுக்கலாம் என்று அதன் 37ஆம் பிரிவு சொல்கிறது. சரக்கைப் பார்த்துச் சோதித்துக் கொள்ள நியாயமான வாய்ப்புக் கேட்கும் உரிமை 41ஆம் பிரிவில் இருக்கிறது. அதே சட்டத்தில் நமக்கு எதிரான ஒன்றும் உண்டு. விற்பவர் சரக்கை லாரியில் ஒப்படைத்துவிட்டால், வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக முதல் பார்வையில் கொள்ளப்படும் என்கிறது 39ஆம் பிரிவு. "லாரியில் போட்டாயிற்று, இனி உங்கள் பாடு" என்று விற்பவர்கள் பேசுவதற்கு வேர் இதுதான். ஆனால் லாரியில் ஏற்றும் முன்பே பெட்டியில் இல்லாத பொருளுக்கு இந்தப் பேச்சு செல்லாது. போடாத பொருளை எப்படி ஒப்படைத்ததாகச் சொல்ல முடியும்? குறை எங்கே ஏற்பட்டது என்று நிரூபிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் வாங்கிய நிமிடத்தில் பெட்டி எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும்.

வாங்கிய சரக்கை நியாயமான காலத்துக்குமேல் மறுப்புச் சொல்லாமல் வைத்துக் கொண்டால் ஏற்றுக் கொண்டதாகவே அர்த்தம் என்பதையும் மறக்க வேண்டாம். "திருவிழா முடியட்டும், பிறகு பிரிக்கலாம்" என்று பெட்டியைப் பரண் மேல் போடுகிறவர்களுக்கு இது எச்சரிக்கை.

லாரிக்காரர் பொறுப்புக்கு 1865ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டம் நெடுங்காலம் இருந்தது. அதற்குப் பதில் 2007இல் நிறைவேறிய சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. வழியில் சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரிக் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது. நாள் கணக்கு டெலிவரி எடுத்த தேதியிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து. சரக்கின் மதிப்பைச் சொல்லி அதற்குரிய கூடுதல் கட்டணம் கட்டாமல் அனுப்பினால் லாரிக் கம்பெனியின் பொறுப்புக்கு வரம்பும் உண்டு. நம்மில் எத்தனை பேர் எல்.ஆர். ரசீதின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறோம்? பெரும்பாலும் அதில் பெட்டிக் கணக்கு மட்டும்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு, அனுப்புகிறவர் சொன்னதுதான் ஆதாரம். லாரிக்காரர் எண்ணிப் பார்த்ததில்லை.

அடுத்தது நுகர்வோர் சட்டம். "கன்ஸ்யூமர் கோர்ட்டில் போட்டுவிடுவேன்" என்று கடைக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மறுவிற்பனைக்கு வாங்குகிறவர் அதில் நுகர்வோர் அல்ல. நீங்கள் விற்பதற்காக ஆன்லைனில் வாங்கிய சோப்புப் பெட்டியில் ஒரு டஜன் குறைந்தால், நுகர்வோர் ஆணையம் உங்களுக்குக் கதவைத் திறக்காது; உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு டஜன் சோப்புக்கு யார் போவார்கள்? ஆனால் ஒருவர் தம் ஜீவனத்துக்காகச் சுயதொழிலில் தாமே பயன்படுத்த வாங்கிய பொருளுக்கு அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது. கணவனும் மனைவியும் நடத்தும் கடைக்கு வாங்கிய தராசு இந்த விலக்கில் வரும். ஒரே கடைக்காரர், ஒரே செல்போன், ஒரே ஆன்லைன். தராசுக்கு நுகர்வோர், சோப்புக்கு வணிகர். இந்த வித்தியாசம் தெரியாமல் அலைந்து பணத்தைச் செலவழித்தவர்களை நாங்கள் அறிவோம்.

நுகர்வோராக வருகிறவருக்கு வழிகள் சுலபம். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் கம்பெனியில் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக் கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். "டீலரைக் கேளுங்கள்" என்று சொல்லிப் போனை வைப்பது இந்தக் கடமையைத் தீர்க்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. எதிராளி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் எல்லையிலேயே மனுப் போடலாம். மலையில் இருக்கிறவருக்கு இது பெரிய சலுகை.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கவனத்துக்கு ஒன்று. பில்லில் பத்து பெட்டி இருந்து ஒன்பதுதான் வந்தால், வராத பெட்டிக்கு உள்ளீட்டு வரி எடுக்கக் கூடாது. சரக்கு கைக்கு வந்தால்தான் வரவு. பாக்கியை அனுப்பி வைக்கிறாரா, அல்லது கிரெடிட் நோட் தருகிறாரா என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். "அடுத்த பில்லில் பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தை கணக்கில் நிற்காது. வாய்வார்த்தை சொன்ன சேல்ஸ்மேனும் அந்தக் கம்பெனியில் ஆறு மாதம் நிற்க மாட்டார்.

இத்தனை சட்டம் எழுதினாலும், குறைந்து வரும் சரக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு கோர்ட்டுக்குப் போகும் அளவுக்குப் பெரியதல்ல என்பதே நடைமுறை. ஆகவே எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம்: டீலர் முதலில் பொருளைக் கொடுக்க வேண்டும்; பிறகு கம்பெனியிடமோ லாரியிடமோ அவர் வசூலித்துக் கொள்ளட்டும். அவருக்குக் கம்பெனியோடு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. லாரி ஆபீஸோடு தினசரிப் பழக்கம் இருக்கிறது. மலையில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. ஒரு சார்ஜரின் விலை டீலருக்கு ஒரு நாள் டீச் செலவு. அதே சார்ஜர் புதூர்நாட்டில் ஒரு பருவத்து வியாபாரம்.

இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும். "கேட்பவர்கள் எல்லோரும் யோக்கியர்களா? இருந்ததை எடுத்துக் கொண்டு இல்லை என்பவர்களும் உண்டே" என்பார்கள். உண்டு. எங்களையே ஏமாற்றியவர்கள் உண்டு. ஒருவர் மூன்று முறை நெய் டின் குறைந்ததாகச் சொன்னார். மூன்றாம் முறை நாங்கள் எண்ணி ஏற்றியதை அவர் பக்கத்துக் கடைக்காரரே பார்த்திருந்தார். அவரோடு கணக்கை முடித்துக் கொண்டோம். ஆனால் அந்த ஒருவருக்காக இருபது வருடம் ஒழுங்காகப் பாக்கி கட்டியவரை "நிரூபி" என்று நிறுத்தி வைப்பது வியாபாரமாகாது. எவர் பொய் சொல்வார், எவர் சொல்ல மாட்டார் என்பது பேரேட்டைப் புரட்டினாலே தெரியும். ஆன்லைன் கம்பெனிக்கு அந்தப் பேரேடு கிடையாது. அதனால்தான் அவர்கள் எல்லோரையும் ஒன்றுபோல் பார்க்கிறார்கள். பெட்டி பிரிக்கும் வீடியோ கேட்கிறார்கள், 48 மணி நேரம் என்கிறார்கள். நம்மிடம் பேரேடு இருந்தும் நாமும் அப்படியே பேசினால், கடைக்காரர் நம்மிடம் வருவதற்குக் காரணம் ஏது?

சில்லரைக் கடைக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. தராசு வைத்துத் தொழில் செய்கிறவர்கள் நீங்கள்; பெட்டியைப் பிரிக்கும் முன் தராசில் வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளின் பக்கவாட்டில் மொத்த எடை அச்சிட்டிருக்கும், எல்.ஆர். ரசீதிலும் எடை போட்டிருக்கும். எடை குறைந்தால் பிரிக்காதீர்கள். கொண்டு வந்தவரை நிறுத்தி, அவர் எதிரில் பிரியுங்கள். நிற்க மாட்டேன் என்றால் "எடை குறைவு, டேப் மாற்றி ஒட்டியது" என்று ரசீதில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். செல்போனில் பெட்டியின் ஆறு பக்கத்தையும் போட்டோ எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. குறையைப் போனில் மட்டும் சொல்லாமல், அன்றைக்கே பில் நம்பர், தேதி, குறைந்த பொருளின் பெயர் மூன்றையும் போட்டு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பும் எழுத்துதான். கோபமாக எழுத வேண்டாம். "என்ன வந்தது, என்ன வரவில்லை, எந்தத் தேதிக்குள் வேண்டும்" என்பது போதும். மேற்படி நண்பர் முதல் நான்கு நாளும் போனிலேயே பேசிக் கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்தார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொன்னார். நாங்கள் பில்லையும் முத்திரைப் போட்டோவையும் வைத்து ஐந்து வரி எழுதி அனுப்பிய அன்று மாலையே டீலர் பேசினார்.

எங்கள் கடையில் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். மலைக்கடைக்காரர்களுக்காக எங்கள் முகவரிக்கு வரும் எந்தப் பெட்டியும் எடை போடாமல் உள்ளே வராது. எடை, டேப் நிலை, கொண்டு வந்தவர் பெயர் எல்லாம் நோட்டில் ஏறும். பெட்டியின் போட்டோ அன்றே உரியவருக்குப் போகும். அவர் "பிரியுங்கள்" என்றால் பிரித்து எண்ணுவோம். இதற்குக் கூலி எதுவும் வாங்குவதில்லை. பையன் முதலில் முணுமுணுத்தான். இப்போது டேப் பார்ப்பதில் எங்களையும் மிஞ்சிவிட்டான்.

சென்ற வாரம் நெல்லிவாசல்நாட்டுக் கடைக்காரர் ஒருவருக்கு மசாலாப் பாக்கெட் பெட்டி ஒன்று வந்தது. ரசீதில் 14 கிலோ. எங்கள் தராசில் 12 கிலோ 900 கிராம். லாரி ஆபீஸ் ஆளை நிறுத்தி வைத்து, மலைக்குப் போன் போட்டுச் சம்மதம் கேட்டு, அவர் எதிரிலேயே பிரித்தோம். மிளகாய்த்தூள் பாக்கெட் ஐம்பதுக்கு நாற்பது இருந்தது. ரசீதில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். டீலருக்கு அன்றே எழுதியாயிற்று. பத்து பாக்கெட்டை எங்கள் சரக்கிலிருந்து எடுத்து வைத்து மறுநாள் லோடில் மேலே அனுப்பிவிட்டோம். டீலரிடமிருந்து இதை எழுதும் வரை பதில் இல்லை.